வன்னிப் பிள்ளைக்கு விண்கலம் எதுக்கு?

இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புக் குடுக்கிற நாள். நான் குடுத்த தாளில ‘ஈழத்துத் தமிழில் அறிவியல் புனைகதை: ஏன் வளரவில்லை?’ எண்டு எழுதியிருந்தன். விரிவுரையாளர் வாசிச்சிட்டுக் கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி வச்சு, “பிள்ளை, நீர் எந்த இடம்?” எண்டு கேட்டார். முறிகண்டி, கிளிநொச்சிப் பக்கம் எண்டன். “பிறகென்ன? உங்களிட்ட இல்லாத கதையோ? வன்னிப் பிள்ளைக்கு விண்கலம் எதுக்கு? இறுதி யுத்தத்தைப் பற்றி வந்த நாவல் ரெண்டு மூண்டை எடுத்து ஒப்பிட்டுச் செய்யும். வடிவா வரும்.”

ஆள் ஆர் எண்டு சொல்ல மாட்டன். எந்தக் கம்பஸ் எண்டும் சொல்ல மாட்டன். அவர் கெட்ட மனுசன் இல்ல. போன வருசம் எனக்கு டெங்கு வந்தபோது அசைன்மென்ற் திகதியைத் தள்ளித் தந்தவர். கெட்ட மனுசன் சொல்லியிருந்தால் ரெண்டு நாள் திட்டிப்போட்டு மறந்திருப்பன். நல்ல மனுசன் ஒருத்தர், என்ர நன்மைக்கு எண்டு நினைச்சு, நான் எதைப் பற்றி யோசிக்கலாம் எண்டதை என்ர அடையாள அட்டை விலாசத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்குது.

அண்டைக்குப் பின்னேரம் பஸ்ஸில வீட்ட வரேக்க சிரிப்பு வந்தது. ஏ9 வீதியில கிளிநொச்சி ரவுனைத் தாண்டித் தெற்கால வந்தால் ஒரு இடம் வரும், பேர் அறிவியல் நகர். பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கிற இடம். உலகத்தில எத்தினை ஊருக்கு அறிவியல் எண்டு பேர் இருக்கும்? கொண்டக்டர் ஒவ்வொரு நாளும் “அறிவியல் நகர் இறங்கு, இறங்கு” எண்டு கத்துறார். அந்த நகரில இருந்து நாலைஞ்சு கிலோமீற்றரில இருக்கிற பிள்ளைக்கு அறிவியல் புனைகதை அந்நியச் சரக்காம்.

சரி, இது ‘எங்கட’ ஆக்களின்ர வேலை இல்ல எண்டு சொல்லுற ஆக்களுக்கு முதல்ல ஒரு பேரைச் சொல்லுறன். மேரி ஆன் மோகன்ராஜ். உங்களில எத்தினை பேர் கேள்விப்பட்டிருக்கிறியள்? நானே மூண்டாம் வருசத்தில தான் கேள்விப்பட்டன். அதுவும் வகுப்பில இல்ல. 1971இல் கொழும்பில் பிறந்த தமிழர். இரண்டு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போய்விட்டார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து, 2005இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சிகாகோவில் இருக்கிற இலினோய் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறையில் கற்பித்தவர். அதே 2005இல் வந்த அவரின்ர ‘பொடீஸ் இன் மோஷன்’ இலங்கைக்கும் சிகாகோவுக்கும் இடையில இழுபடுற தமிழ்க் குடும்பங்களின்ர கதை. இதுவரைக்கும் சொன்னதில புதுசு ஒண்டும் இல்ல. புலம்பெயர்ந்த தமிழர் ஆங்கிலத்தில குடும்பக் கதை எழுதினால் எங்கட ஆக்கள் உடனே விழா எடுப்பினம்.

நான் சொல்ல வந்தது 2000ஆம் ஆண்டைப் பற்றி. அந்த வருசம் செப்டெம்பரில அவர் ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ எண்ட இணைய வார இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதை, கனவுருப் புனைவு, அதுகளைப் பற்றின கட்டுரை, மதிப்புரை எல்லாம் ஒரே இடத்தில. வாசிக்கக் காசில்லை, எழுதுற ஆக்களுக்குக் காசு குடுக்கப்படும். நடத்தின ஆசிரியர்கள் எல்லாரும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். வாசகர் தாற நன்கொடையில ஓடின இதழ். இணையத்தில எழுதினால் அது எழுத்தே இல்ல எண்டு பெரியவை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்ப அவருக்கு 29 வயசு. மூண்டு வருசத்துக்கு மேல நடத்திப்போட்டு மற்ற ஆக்களிட்டக் குடுத்திட்டு விலகினார். இதழ் சாகேல்ல! கால் நூற்றாண்டு தாண்டியும் நிக்குது. 2024இல் ஹியூகோ விருதும் வாங்கினது. விருது ஒரு தனி ஆளின்ர பேரில இல்ல, ‘ஆசிரியர் கூட்டு’ எண்ட பேரில.

தொடங்கின ஆள் போன பிறகும் இதழ் ஓடுது எண்டது எங்களுக்கு விளங்கக் கஷ்டமான விசயம். எங்கட ஊரில சிற்றிதழ் எண்டால் ஆசிரியருக்கு மூச்சு இருக்கும் வரைக்கும் தான்.

2004இல் ஊகப் புனைவுக்கெண்டு ஒரு நிதியமும் தொடங்கினார். அது குடுக்கிறது சின்னச் சின்ன உதவித்தொகை. ஆனால் ஆருக்குக் குடுக்கினம் எண்டு பாருங்கோ: 50 வயசுக்குப் பிறகு எழுதத் தொடங்கின ஆக்களுக்கு ஒண்டு, தொழிலாளர் குடும்பத்தில இருந்து வாற ஆக்களுக்கு ஒண்டு. ஒரு இலக்கிய வகை எப்பிடி உருவாகுது எண்டு விளங்கின மனுசியின்ர வேலை அது. நல்ல எழுத்தாளர் ஒருத்தர் வானத்தில இருந்து விழுவார் எண்டு காத்துக்கொண்டிருக்கேல்ல அவ. வந்து குவியிற கதைகளை வாசிக்க ஆள் வேணும், திருத்த ஆள் வேணும், “இது சரிவரேல்ல, இன்னொருக்கா எழுது” எண்டு சொல்ல ஆள் வேணும், வெளிவந்த பிறகு சண்டை பிடிக்க ஆள் வேணும். அந்த ஆக்கள் இருந்தால் எழுத்தாளர் வருவினம்.

வந்தும் இருக்கினம். வஜ்ர சந்திரசேகர எண்ட கொழும்பு எழுத்தாளர் அதே ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸில புனைகதை ஆசிரியராக இருந்தவர். அவரின்ர முதல் நாவல் ‘த செயின்ற் ஒஃப் பிரைற் டோர்ஸ்’ 2023இல் வந்து அந்த ஆண்டுக்கான நெபியூலா விருதை எடுத்தது. முகாம்கள், இனக்கலவரம், புனித ஆக்களின்ர அரசியல் எல்லாத்தையும் ஒரு கற்பனை நகரத்துக்குள்ள கொண்டுபோய் வச்ச நாவல். வாசிக்கேக்க எனக்குப் பொறாமையாக இருந்தது. முகாம் எங்களுடையது. செட்டிகுளத்தில ரெண்டு தறப்பாளுக்கு இடையில வரிசையில நிண்டது நாங்கள். அதைப் பற்றி ஆய்வு செய் எண்டு எங்களுக்குச் சொல்லுகினம். அதில இருந்து ஒரு உலகத்தைக் கட்டி எழுப்பினது கொழும்பில இருக்கிற ஒரு சிங்கள எழுத்தாளர். அவரில எனக்குக் கோபம் இல்ல, நல்ல நாவல். கோபம் எங்களில.

மோகன்ராஜின்ர குறுநாவல் ஒண்டு இருக்கு, ‘த ஸ்டார்ஸ் சேஞ்ச்’, 2013இல வந்தது. கனடாவில இருக்கிற சிநேகிதி ஒருத்தி அனுப்பித் தந்தவள். தெற்காசியர் குடியேறின ஒரு கிரகம். கிரகத்தில ஒரு பெரிய பல்கலைக்கழகம். மனிதருக்கும் மற்ற உயிர்களுக்கும் இடையில யுத்தம் தொடங்கப் போற இரவில ஆர் ஆரோட நிக்கிறது எண்டது தான் கதை. காதல், காமம் எல்லாம் தாராளம். எங்கட வாசிகசாலையில வைக்க விடமாட்டினம். எனக்கு முழுசாப் பிடிச்சதெண்டும் இல்ல. யுத்தத்துக்கு முதல் நாள் இரவு இவ்வளவு அமைதியாக, இவ்வளவு வடிவாகக் கதைக்க ஏலுமோ எண்டு ரெண்டு மூண்டு இடத்தில யோசிச்சன். இரண்டு வயசில நாட்டை விட்ட ஒருத்தரின்ர யுத்தம் அது எண்டு தோன்றினது. அப்பிடித் தோன்றினதால தான், வேற மாதிரி ஒண்டை இஞ்ச இருந்து எழுத வேணும் எண்டும் தோன்றினது. வகுப்பில தந்த எந்த யதார்த்த நாவலும் எனக்கு அந்த ஆசையைத் தரேல்ல.

இன்னொரு விசயமும் சொல்ல வேணும், மனசில குத்திக்கொண்டே இருக்கு. 2009 மார்ச். அமெரிக்க அறிவியல் புனைகதை உலகத்தில இனம், நிறம் பற்றிப் பெரிய விவாதம் ஒண்டு நடந்துகொண்டிருந்தது. வெள்ளையர் மற்ற இனத்தவரை எப்பிடி எழுதலாம், எப்பிடி எழுதக் கூடாது எண்டு. அதில மோகன்ராஜ் இரண்டு பகுதியாக நீளமாக, பொறுமையாக எழுதினார். நல்ல கட்டுரைகள், இப்பவும் வாசிக்கலாம். அதே மார்ச்சில நாங்கள் எங்க இருந்தம் எண்டு உங்களுக்குத் தெரியும். எனக்கு ஆறு வயசு, இடம் மாத்தளன். ஒரு தமிழ்ப் பொம்பிளை ஒரு கரையில நிண்டு கற்பனைக் கிரகங்களில கறுப்பு ஆக்களுக்கு இடம் வேணும் எண்டு வாதாடுறா. இன்னொரு கரையில தமிழ்ச் சனத்துக்குப் பங்கர் வெட்ட இடமில்ல. இதை அவவுக்கு எதிராகச் சொல்லேல்ல. அவ செய்ய வேண்டிய வேலையைச் செய்தா. ஆனால் இந்த ரெண்டு கரையையும் ஒரே பக்கத்தில வச்சு வாசிக்கிற ஒரு ஆய்வாளர் கூட எங்களிட்ட இல்லையே எண்டது தான் குத்துது.

இப்ப விரிவுரையாளரின்ர வாதத்துக்கு வருவம். அதன் சாரம் இதுதான்: அழிவுக்குள்ளால வந்தவன் அழிவைத் தான் எழுத வேணும், மற்றதெல்லாம் தப்பி ஓடுறது.

அப்பிடியெண்டால் தார்கோ சுவினுக்கு என்ன சொல்லுவியள்? 1930இல் ஸாக்ரெப்பில, யூதக் குடும்பத்தில பிறந்தவர். நாஸி ஆதிக்கம் வந்தபோது சின்னப் பொடியன். கிட்டத்தில ஒரு குண்டு வெடிச்சதாம், தப்பினார். குடும்பத்தில கனபேர் யுத்தத்தில செத்துப்போச்சினம். அந்தக் குண்டைப் பற்றிப் பின்னாளில அவர் சொன்னது தான் முக்கியம். உலகம் கொஞ்சம், மிகக் கொஞ்சம் மாறி இருந்திருந்தால் தான் அண்டைக்குச் செத்திருப்பன் எண்ட எண்ணம் தான் தன்னை அறிவியல் புனைகதைக்குக் கொண்டு வந்தது எண்டார். இதை வாசிச்ச உடன புத்தகத்தை மூடிவச்சிட்டு வெளியில போய் நிண்டன். செல் விழுந்த இடத்தில இருந்து பத்து அடி தள்ளி இருந்ததால உயிரோட இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் அந்த எண்ணம் தெரியும். எங்கட அம்மம்மாவுக்குத் தெரியும். அவவிட்ட ‘மாற்று உலகம்’ எண்ட சொல் இல்ல, அவ்வளவு தான். “அண்டைக்கு நான் தண்ணிக்குப் போகாமல் இருந்திருந்தால்” எண்டு தொடங்குவா.

சுவின் முதலில படிச்சது இரசாயனப் பொறியியல். பிறகு இலக்கியம், நாடகம். பிரெக்டில பெரிய ஆய்வாளர். 1968இல் கனடாவில மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 1999இல் ஓய்வு பெறும் வரைக்கும் அங்க கற்பித்தார். 1973இல் ஆர். டி. மல்லன் எண்டவரோட சேர்ந்து ‘சயன்ஸ் ஃபிக்ஷன் ஸ்டடீஸ்’ எண்ட ஆய்விதழைத் தொடங்கினார். பேராசிரியர்மார் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன மலிவுப் பதிப்புப் புத்தகங்களை, கிரேக்க நாடகத்தை வாசிக்கிற அதே கவனத்தோட வாசிக்கலாம் எண்டு சொன்ன இதழ். 1979இல் வந்த அவரின்ர ‘மெற்றமோர்ஃபஸிஸ் ஒஃப் சயன்ஸ் ஃபிக்ஷன்’ இல்லாமல் இண்டைக்கு இந்தத் துறையில ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது. ஒத்துக்கொள்ளுற ஆக்களும் சரி, எதிர்க்கிற ஆக்களும் சரி, அதில இருந்து தான் தொடங்க வேணும்.

அவரின்ர கருத்து கஷ்டமில்ல. ஏ.எல்.லில நாடகமும் அரங்கியலும் செய்த ஆக்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். பிரெக்டின்ர தூரப்படுத்தல். பழகின விசயத்தைப் புதுசாகப் பார்க்க வைக்கிறது, பார்வையாளனை மயங்க விடாமல் யோசிக்க விடுறது. அதை அறிவோட, காரண காரியத்தோட செய்யிற கதை தான் அறிவியல் புனைகதை எண்டார். கதை உலகத்தில எங்களிட்ட இல்லாத ஒரு புதுப் பொருள் இருக்கும். ஒரு கருவி, ஒரு உயிர், ஒரு சமூக ஒழுங்கு. அந்த ஒண்டு வந்த உடன மற்ற எல்லா உறவும் மாறும். அந்த மாற்றத்தை ஒழுங்காகத் தொடர்ந்து பார்த்தால் எங்கட உலகமே எங்களுக்கு வேற மாதிரித் தெரியும்.

‘எங்களிட்ட எங்க விஞ்ஞானம் இருக்கு?’ எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் ஒரு சொல் சொல்லுறன். வண்டு.

வன்னியில இருந்த எவருக்கும் விளக்கம் தேவையில்ல. மற்ற ஆக்களுக்கு: ஆளில்லா வேவு விமானம். உலகம் ‘ட்ரோன்’ எண்டு கவலைப்படத் தொடங்க முதலே எங்கட சனம் அதுக்குப் பேர் வச்சு, சத்தத்தை வச்சு உயரம் கணிச்சு, அது எத்தினை தரம் சுத்தினால் பின்னால கிபிர் வரும் எண்டு கணக்குப் போட்டு வாழ்ந்தது. வெள்ளைத் துணி வெளியில காயப் போடாதே எண்டு அம்மா கத்தினது ஞாபகம். பகலில அடுப்புப் புகை மேல போகக் கூடாது. நாங்கள் விளையாடுறது மரத்துக்குக் கீழ மட்டும். ஒரு புதுப் பொருள் வானத்தில வந்தது. சமையல் மாறினது, உடுப்புக் காயப் போடுறது மாறினது, பிள்ளையளின்ர விளையாட்டு மாறினது, கோயில் திருவிழா மாறினது. சுவின் சொன்னதுக்கு இதைவிட நல்ல உதாரணம் அவரின்ர புத்தகத்திலயே இல்ல. நாங்கள் அறிவியல் புனைகதைக்குள்ள வாழ்ந்திட்டு வந்தனாங்கள். அதை எழுதேக்க மட்டும் ‘யதார்த்தமாக எழுது’ எண்டு சொல்லுகினம்.

இன்னும் ஒண்டு. சுவினை ஆரும் ‘நீ ஸாக்ரெப் பொடியன், சாட்சியம் எழுது’ எண்டு தடுக்கேல்ல. ஆனால் அவர் சாட்சியம் சொல்லாமலும் விடேல்ல. வயது போன காலத்தில தன்ர இளமைக்கால நினைவுகளை எழுதினார். சோசலிச யூகோஸ்லாவியாவைப் பற்றிப் பெரிய ஆய்வு நூல் ஒண்டும் எழுதினார், 2016இல. தனக்கு வசதியான நேரத்தில, தனக்கு வசதியான வடிவத்தில. அந்த உரிமையைத் தான் நான் கேக்கிறன்.

இஞ்ச எங்கட பெரியவர்களைத் தொடாமல் போக ஏலாது. கைலாசபதி, சிவத்தம்பி. ரெண்டு பேரும் சுவினுக்கு ரெண்டு மூண்டு வயசு இளமை. சுவினைப் போலவே மார்க்சியர்கள். ரெண்டு பேரும் பேர்மிங்ஹாமில ஜோர்ஜ் தொம்சனிட்ட ஆய்வு செய்தவை. சிவத்தம்பியின்ர ஆய்வு பழந்தமிழ் நாடகம். சுவினுக்கும் நாடகம் தான். கைலாசபதி ‘தினகரன்’ ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறை ஈழத்து எழுத்தாளரையே வெளியில கொண்டு வந்தவர். ஆய்வாளரும் பத்திரிகை ஆசிரியரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட ஊரிலயே உதாரணம் அவர் தான். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அந்தப் பெரிய சக்தி முழுக்க யதார்த்தவாதம் எண்ட ஒரே வாய்க்காலில ஓடினது. சாதிக் கொடுமையை எழுத அது தேவைப்பட்டது, மறுக்கேல்ல. டானியலை எல்லாம் அந்த வாய்க்கால் தான் வளர்த்தது. ஆனால் வாய்க்காலுக்கு வெளியில இருந்த காணி எல்லாம் தரிசு எண்டு எழுதிப்போட்டினம். மு. தளையசிங்கம் அதுக்கெதிராகச் சண்டை பிடிச்சார். அவரையும் ‘ஆன்மீகம்’ எண்டு ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடியாச்சு.

சிவத்தம்பி விசயத்தில எனக்குக் கூடுதல் ஆதங்கம். மலிவு எண்டு படிச்ச ஆக்கள் ஒதுக்கின தமிழ்ச் சினிமாவை எடுத்து, அது எப்பிடி அரசியல் தொடர்பு ஊடகமாக வேலை செய்யுது எண்டு 1981இலயே புத்தகம் போட்டவர். வெகுசன வடிவத்தை மதிச்சு வாசிக்கத் தெரியும் அவருக்கு. சினிமாவுக்குத் திறந்த அந்தக் கதவால சுஜாதாவையும் உள்ள விட்டிருக்கலாம். ‘என் இனிய இயந்திரா’வில எல்லாருக்கும் இலக்கம், பிள்ளை பெற அனுமதி, வாழ்நாளுக்கு எல்லை. எண்பதுகளில விகடனில தொடராக வந்த கதை. அதைச் சும்மா சுவாரசியம் எண்டு தள்ளிவிட்டினம். முகாமில குடும்ப இலக்கம் சொன்னால் தான் சாப்பாடு எண்டு வாழ்ந்த பிள்ளை அதைச் சும்மா சுவாரசியமாக வாசிக்க ஏலாது. நான் அதைப் பதினைஞ்சு வயசில வாசிச்சன், ஜீனோ நாய்க்குட்டியை விட அந்த இலக்கங்கள் தான் நித்திரையில வந்தது.

கொழும்பில ஆதர் சி. கிளார்க் 1956இல இருந்து 2008இல சாகும் வரைக்கும் இருந்தார். அரை நூற்றாண்டு! மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் இருந்தார். 2007 டிசம்பரில 90ஆவது பிறந்தநாளுக்கு மூண்டு ஆசை சொன்னார்: வேற்றுக் கிரக உயிருக்குச் சான்று கிடைக்க வேணும், எண்ணெயில தங்கியிருக்கிறது நிக்க வேணும், இலங்கையில நிரந்தர சமாதானம் வர வேணும். அடுத்த மாதமே போர்நிறுத்த ஒப்பந்தம் உத்தியோகபூர்வமாக முடிஞ்சது. மார்ச்சில அவரும் முடிஞ்சார். மூண்டு ஆசையில எது கூடக் கற்பனை எண்டு இப்ப யோசிச்சுப் பாருங்கோ. இந்த மனுசனைப் பற்றி எங்கட தமிழ்ப் பாடத்திட்டம் எதிலயும் நான் ஒரு வரி படிச்சதில்ல.

சுவினிலயும் எனக்குப் பிரச்சினை இருக்கு. ஆளைக் கும்பிடச் சொல்லேல்ல. அவர் மாயப் புனைவை, தொன்மத்தை, பேய்க் கதையை எல்லாம் அறிவுக்கு எதிரானது எண்டு வெளிய தள்ளினார். பிறகு கொஞ்சம் இளகினார். எங்களுக்கு அந்த வேலி சரிவராது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடல்தண்ணியில விளக்கு எரியும். அதை நம்புறதோ இல்லையோ உங்கட விருப்பம். ஆனால் அந்த விளக்கையும், நந்திக்கடலையும், முகாமாலையில கண்ணிவெடி கிளறுற பொம்பிளையளின்ர கையில இருக்கிற கருவியையும் ஒரே கதைக்குள்ள வைக்கத் தெரியாத ஒருத்தரால வன்னியை எழுத ஏலாது. சுவினின்ர அளவுகோல் இஞ்ச வந்தால் முறிகண்டிப் பிள்ளையாரிட்ட பஸ்ஸை நிப்பாட்டி, கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்கிக்கொண்டு தான் மேல போக வேணும்.

இப்ப ஆராவது கொமென்ற்ஸில வந்து ‘காணாமல் ஆக்கப்பட்டோரின்ர தாய்மார் 2017இல இருந்து கிளிநொச்சி றோட்டில இருந்தினம், நீ கிரகம் கதைக்கிறியோ’ எண்டு கேப்பினம். கேக்க வேணும். எங்கட மாமி அந்தக் கொட்டிலில இருந்தவ. சாட்சியம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. அந்தத் தாய்மார் கேக்கிறது என்ன? பிள்ளை திரும்பி வாற ஒரு நாளை. அது எதிர்காலம். கேப்பாப்புலவில சனம் காணிக்காக றோட்டோரம் இருந்தது எதுக்கு? அதுவும் எதிர்காலம். எங்களிட்ட வந்து றெக்கோடர் நீட்டுற ஆய்வாளர், என்.ஜீ.ஓ, வெளிநாட்டுப் பிள்ளையள் எல்லாரும் ‘என்ன நடந்தது’ எண்டு மட்டும் தான் கேப்பினம். ‘என்ன நடக்க வேணும்’ எண்டு எங்கட மாமியிட்ட ஒருத்தர் கேட்டதை நான் காணேல்ல.

எங்கட எதிர்காலத்தை ஒருத்தரும் எழுதேல்ல எண்டும் இல்ல. எழுதினம், வேற ஆக்கள், வேற மொழியில, திட்ட அறிக்கையாக. பூநகரியில காத்தாலை வரும் எண்டு அதானி கொம்பனி வந்தது; 2025இல விலகிப் போனது. வாறதும் தெரியாது, போறதும் தெரியாது. இன்னும் இருபது வருசத்தில பூநகரி எப்பிடி இருக்கும் எண்டு ஒரு கொம்பனி கற்பனை செய்யலாம், ஒரு அமைச்சு கற்பனை செய்யலாம். பூநகரிப் பிள்ளை கற்பனை செய்தால் அது தப்பி ஓடுறது!

எழுத ஆள் இல்ல எண்ட சாட்டும் சொல்லாதேங்கோ. வ. ந. கிரிதரன் கனடாவில இருந்து அறிவியல் புனைகதை எழுதியிருக்கிறார். ‘பதிவுகள்’ இணைய இதழை அவர் தொடங்கினதும் ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் வந்த அதே 2000இல தான். ஜெயமோகனின்ர ‘விசும்பு’ இருக்கு. 2018இல தொடங்கின ‘அரூ’ இணைய இதழ் கனவுருப் புனைவுக்கெண்டே வந்து, அறிவியல் சிறுகதைப் போட்டி வச்சு, வந்த கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டது. எழுத்து இருக்கு. எடுத்து வாசிச்சு, சண்டை பிடிச்சு, வரிசைப்படுத்தி, இது இதில இருந்து வந்தது எண்டு சொல்லுற படிப்பு தான் இல்ல. டொமினிக் ஜீவா 1966இல மல்லிகையைத் தொடங்கி, தானே கையில கொண்டு திரிஞ்சு வித்தார். சலூனில தலைமயிர் வெட்டின காசில இலக்கியம் வளர்த்த ஊர் எங்கட ஊர். வன்னிக்குள்ளயே, அவ்வளவு நெருக்கடிக்குள்ள, கருணாகரனை ஆசிரியராகக் கொண்டு ‘வெளிச்சம்’ வந்தது. பேப்பர் தடை, மின்சாரம் இல்ல, அப்பவும் வந்தது. இப்ப ஒவ்வொருத்தற்ற கையிலயும் ஃபோன் இருக்கு. ‘ஆசிரியராக வரப் போறன்’ எண்டு ஒரு கலைப்பீடப் பிள்ளை சொன்னால் வீட்டில ரீச்சர் எண்டு தான் விளங்கும்.

ஆய்வுத் தலைப்பை நான் மாத்தேல்ல. ஒரு சொல்லை மட்டும் மாத்தினன்: ‘ஏன் வளரவில்லை’ எண்டதை ‘யார் வளர்க்கவில்லை’ எண்டு. திரும்பக் குடுத்தாச்சு. பதில் வரேல்ல.

அதுக்கிடையில, இந்தத் தளத்தில நாங்கள் மூண்டு பேர் கதை வாசிக்கத் தொடங்கியிருக்கிறம். காசு தர ஏலாது. எல்லாக் கதைக்கும் பதில் எழுதுவம், பிடிக்காட்டி ஏன் எண்டும் எழுதுவம். முதல் கதை போன கிழமை வந்தது. முரசுமோட்டையில இருந்து ஒரு ஏ.எல். பிள்ளை, கொப்பித் தாளில எழுதி, பன்னிரண்டு பக்கத்தையும் ஃபோனில படம் எடுத்து வாட்ஸ்அப்பில அனுப்பியிருக்கு. வருசம் 2061. இரணைமடுக் குளத்துக் கதவைத் திறந்து மூடுறது ஒரு மெசின். தண்ணி கேட்டுப் போற கமக்காரரிட்ட அது காணி உறுதி கேக்குது. உறுதி 2009இல எரிஞ்சு போச்சு எண்டு சொன்னால், எரிஞ்சதுக்கு அத்தாட்சி கேக்குது. ஏழாம் பக்கத்தில மெசின் திடீரெண்டு மனம் மாறுது, அது எனக்குச் சரியாப் படேல்ல. இண்டைக்கு இரவு அதைத் தான் எழுதி அனுப்ப வேணும்.